கொட்டாங்கச்சியில் டீ குடிக்க மாட்டேன்

அன்புள்ள தம்பி,

இந்தக் கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டாமல் அனுப்புகிறேன். வீட்டில் பசை இல்லாமல் இல்லை. உன் கூட்டாளி படிக்கட்டும், கடைக்கு டிசைன் போட்டுக் கொடுத்த அந்தப் பெண் படிக்கட்டும், உன் மனைவி கலா படிக்கட்டும் என்றுதான் திறந்தபடி அனுப்புகிறேன். எங்கள் காலத்தில் கார்டு எழுதினால் தபால்காரர் படிப்பார், பக்கத்து வீட்டில் வாங்கி வைப்பவர் படிப்பார், கடைசியில்தான் நம் கைக்கு வரும். அதனால் ஊருக்கே தெரிந்தாலும் பரவாயில்லை என்கிற சேதியைத்தான் கார்டில் எழுதுவோம். இதுவும் அப்படிப்பட்ட சேதிதான். கார்டில் இடம் போதாது என்பதால் உன் மகளின் நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். சொல்லும் விஷயத்தில் பிழை இல்லை, அதைத் திருத்த வேண்டாம்.

சென்னையில் இருந்த வேலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூரில் டீக்கடை வைக்கப் போகிறேன் என்று நீ வந்து நின்றபோது ஊரே பெற்றவள் என்னிடம் துக்கம் கேட்பது போல் வந்து கேட்டது. இன்ஜினியருக்குப் படித்தவன் டீ ஆற்றப் போகிறானா என்றார்கள். ஆற்றட்டும், நல்லா ஆற்றட்டும் என்று நான்தான் வாயை அடைத்தேன். கீழவாசல் பக்கம் அந்தப் பழைய வீட்டைப் பிடித்து, தூணுக்கெல்லாம் எண்ணெய் பூசி, உலகத்தில் எங்கெங்கோ இருந்த பழைய டீ ரூம்களின் படக் கார்டுகளை வாங்கிச் சேர்த்துச் சுவரில் மாட்டப் போகிறேன் என்று சொன்னபோதும் நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பழையதை அழகாக வைப்பது எனக்கும் பிடிக்கும். என் கல்யாணத்துப் பித்தளைக் குடத்தை இன்றைக்கும் புளி போட்டுத் தேய்க்கிறவள் நான். ஆகவே பழசு பிடிக்காமல் இந்தக் கிழவி கத்துகிறாள் என்று உன் கூட்டாளி நினைத்தால், அந்த நினைப்பை இங்கேயே விட்டுவிட்டு மேலே படிக்கச் சொல்.

அரையாண்டு லீவுக்கு இங்கே வந்த உன் மகள் இனியாதான் தன் செல்லில் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். "அப்பாயி, இது லண்டன். அப்பாயி, இது ஊட்டி. இது கொழும்பு" என்று அவள் விரலால் தள்ளத் தள்ள, நான் நிறுத்து நிறுத்து என்று சொல்லி நிதானமாகப் பார்த்தேன். தொப்பி வைத்த வெள்ளைக்காரிகள் விரலை நீட்டிக்கொண்டு கோப்பையைப் பிடித்திருந்தார்கள். மேசைவிரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அதைத் துவைத்துக் கஞ்சி போட்டவள் எந்தப் படத்திலும் இல்லை. டீ ஊற்றுகிறவன் மட்டும் சில படங்களில் ஓரமாக, பாதி உடம்போடு நிற்கிறான். மாயவரம் ஜங்ஷன் கார்டு ஒன்று இருந்தது. பிளாட்பாரத்தில் தலைப்பாகை கட்டியவர்கள் டீக்குக் காத்திருக்க, பின்னால் நீராவி. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அதில் இருந்த ஒரு முகம் நம் ஊர் மளிகைக்கடைக்காரரை உரித்து வைத்தது போல இருந்தது. இனியாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்கு அடுத்த படத்தில்தான் என் சிரிப்பு நின்றது.

நீ ஆசை ஆசையாக இன்டர்நெட்டில் ஏலம் எடுத்த கார்டாம் அது. மன்னார்குடி கடைத்தெருவில் இருந்த டீ கிளப். அதைத்தான் பெரிதாக்கி நடுச்சுவர் முழுக்க ஒட்டப் போகிறாய் என்று இனியா சொன்னாள். முதலில் கார்டைக் காட்டினாள், பிறகு சுவருக்குப் பெரிதாக்கிய படத்தைக் காட்டினாள். கார்டில் கடை முழுசாக இருக்கிறது. உள்ளே பெஞ்சு, பெஞ்சில் வேட்டியும் துண்டுமாய் ஆட்கள், கல்லாவில் ஒருவர். வலப்பக்கம் கடையின் பக்கச் சுவர். அதில் வரிசையாக ஆணி. ஆணிகளில் கயிறு கோத்த கொட்டாங்கச்சிகள் தொங்குகின்றன. அந்தச் சுவரை ஒட்டி ஓர் ஆள், துண்டு தோளில் இல்லாமல் கக்கத்தில் இடுக்கி, முதுகை வளைத்து, இரண்டு கையாலும் கொட்டாங்கச்சியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். சுவருக்குப் பெரிதாக்கிய படத்தில் அந்த ஆள் இல்லை. "அவரு ஆடிட்டாராம் அப்பாயி, படம் மங்கலா இருக்குன்னு டிசைன் ஆன்ட்டி கட் பண்ணிட்டாங்க" என்றாள் உன் மகள். ஆணி இருக்கிறது, கொட்டாங்கச்சி இருக்கிறது, ஆள் மட்டும் இல்லை.

உடனே உனக்குப் போன் போட்டேன். நம் இருவருக்கும் நடந்த பேச்சு உனக்கு மறந்திருந்தாலும் எனக்கு மறக்கவில்லை. படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

"கொட்டாங்கச்சி எதுக்குடா அங்க தொங்குது?" என்றேன்.

"அது கப்பும்மா. நம்ம கடையில டீ எல்லாம் அதுலதான். பாலிஷ் போட்டு, எண்ணெய் தடவி, பொள்ளாச்சிலேருந்து வந்து எறங்கிடுச்சு."

"ஏன், தஞ்சாவூர்ல கெளாசுக்குப் பஞ்சமா?"

"கெளாஸ் எல்லாக் கடையிலயும்தான் இருக்கு. இது அந்தக் காலத்து ஸ்டைலும்மா. கார்டுல இருக்கிற மாதிரியே செவுத்துல ஆணி அடிச்சு மாட்டப் போறோம். வர்றவங்க தானே எடுக்கணும், தானே கழுவணும், தானே நீட்டணும். நாங்க ஒசரத்துலேருந்து ஊத்துவோம். அந்த அனுபவத்துக்குத்தான் ஜனங்க வரும்னு டிசைன் பண்ற பொண்ணு சொல்லுது."

நீயே தொடர்ந்தாய். "கொட்டாங்கச்சியில சூடு நல்லா தங்கும்மா, வெளம்பரத்துலயும் அந்தப் பொண்ணு அப்படித்தான் எழுதியிருக்கு. தெறப்பு அன்னிக்கு மொத டீ உனக்குத்தான். நீதான் மொத ஆணியிலேருந்து எடுக்கணும். போட்டோவுக்கு ஆள் வரச் சொல்லிருக்கோம்."

போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டதா என்று கேட்டுச் செய்தி அனுப்பியிருந்தாய். சிக்னல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

கொட்டாங்கச்சியில் சூடு நல்லா தங்கும். இந்த வார்த்தையை நீ புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. உன் தாத்தா, என் அப்பா, எனக்குச் சொன்ன வார்த்தை அது. நான் பாவாடை கட்டிய சிறுபிள்ளை. அவர் பண்ணையாள். ஆண்டை வீட்டு நெல்லை வண்டியில் ஏற்றி மன்னார்குடி மண்டிக்குக் கொண்டுபோகும்போது, தேரைக் காட்டுகிறேன், தெப்பக்குளத்தைக் காட்டுகிறேன் என்று என்னையும் மூட்டைமேல் உட்காரவைத்துக்கொண்டு போனார். மூட்டையெல்லாம் இறக்கியானதும் கணக்குப்பிள்ளை டீ கிளப்புக்குள் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். என் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கச் சுவருக்குப் போனார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்தார். ஆணியிலிருந்து கொட்டாங்கச்சியை எடுத்து, அங்கே கிடந்த பானைத் தண்ணீரில் அவரே கழுவி, நீட்டிக்கொண்டு நின்றார். கடைக்காரன் உள்ளிருந்தபடியே குவளையைத் தூக்கிப் பிடித்து, ஒன்றோடொன்று பட்டுவிடாமல், மேலேயிருந்து ஊற்றினான். பாதி அவர் கையில் விழுந்தது. கையை அவர் உதறவில்லை.

"ஏம்ப்பா, அவருக்குக் கண்ணாடி கெளாசு, நமக்கு மட்டும் ஏன் கொட்டாங்கச்சி?" என்று கேட்டேன்.

"கெளாசுல குடிச்சா வெரலு பொசுங்கிப் போவும் புள்ள. கொட்டாங்கச்சியிலதான் சூடு தங்கும்" என்றார். எனக்கு ஊதி ஊதிக் குடிக்கக் கொடுத்தார்.

நான் நம்பினேன். உள்ளே கிளாஸில் குடிக்கிறவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் போய்ப் பெருமையடித்தேன். பக்கத்துப் பலகையில் உட்காரும் பெண், மேலத்தெருப் பிள்ளை, கெட்டவள் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்: "அது உங்க தெரு ஆளுங்களுக்குன்னு தனியா வச்சிருக்கறது. நீங்க தொட்டதுல நாங்க குடிக்க மாட்டோம்ல." அவ்வளவுதான். அன்றைக்கு வாய்ப்பாடு சொல்லச் சொன்னபோது எனக்கு வாயில் வரவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவர் சாகிறவரை அவருக்குத் தெரியாது. மகளுக்கு முன்னால் தலை குனியக்கூடாது என்று ஒரு மனிதன் கையில் சுடுடீயை வாங்கிக்கொண்டு சொன்ன பொய் அது. அதை எடுத்து உன் டிசைன்காரப் பெண் விளம்பரம் எழுதியிருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. உனக்கும் யாரும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லாமல் விட்டதற்காக நான் வருத்தப்படவும் இல்லை. ஒரு கடை வாசலை மிதிக்கும்போது பக்கச் சுவரை நோக்கிக் கழுத்து தானாகத் திரும்பாத பிள்ளையாக நீ வளர வேண்டும் என்று நானும் உன் அப்பாவும் பேசி வைத்துச் செய்தது அது. உன்னைக் காலேஜில் சேர்க்கப் போன அன்று மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் உன் அப்பா டீயை வெளியே நின்றே குடித்தார். "உள்ள உக்காந்து குடிக்கலாமேப்பா" என்று நீ கேட்டாய். "பஸ்ஸு வந்துரும்டா" என்றார். பஸ் வர இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. அந்தக் கடையில் யாரும் அவரை உட்காராதே என்று சொல்லியிருக்க மாட்டார்கள், காலம் மாறிவிட்டிருந்தது. அவர் கால்தான் மாறவில்லை. நீயோ உள்ளே போய்ப் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "ஒரு டீ, சீனி தூக்கலா" என்று குரல் கொடுத்தாய். நான் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நின்றேன். நாங்கள் உனக்குச் சேர்த்து வைத்த சொத்து அந்தக் குரல். அதை இப்போது நீ ஆணியில் மாட்டப் பார்க்கிறாய்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. அடுப்படியில் அரிசி அளக்கும் படிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி கிளாஸ் இருக்கிறதே, வரிவரியாய்க் கோடு போட்டது, வாய்ப்பக்கம் லேசாகச் சில்லு பெயர்ந்தது, நீ பால் குடித்து வளர்ந்தாயே, அது கடையில் காசு கொடுத்து வாங்கியதில்லை. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் இங்கே டீக்கடையில் கொட்டாங்கச்சி போய்க் கிளாஸ் வந்திருந்தது. ஆனால் கிளாஸிலும் இரண்டு வகை. நமக்கென்று உள்ள கிளாஸின் அடியில் சிவப்புப் பெயின்ட் தடவி வெளி ஜன்னலில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒரு நடவு நாள். விடிந்ததிலிருந்து சேற்றில் குனிந்து முதுகு விட்டுப்போயிருந்தது. கரையேறி வந்த பெண்கள் எல்லாரும் ஜன்னலுக்குப் போனார்கள். நான் நேராக உள்ளே போய், பலகைமேல் இருந்த பெயின்ட் இல்லாத கிளாஸை எடுத்து நீட்டினேன்.

"ஏ புள்ள, அது ஒனக்கில்ல" என்றார் கடைக்காரர்.

"டீ எனக்குத்தானே?"

"டீ ஒனக்குத்தான்."

"அப்பறம் அதக் கையிலயா ஊத்திக்குவேன்? ஊத்துங்க."

அவர் பெஞ்சுப் பக்கம் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்கள் முறைத்தார்கள். எனக்குப் பின்னால் சேறு காயாத காலோடு அத்தனை பெண்களும் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஊற்றினார். குடித்தேன். விரல் ஒன்றும் பொசுங்கவில்லை, தம்பி. திருப்பி வைக்கப் போனால், "நீ எச்சி பண்ணத எவன் தொடுவான், எடுத்துக்கிட்டுப் போ" என்றார். சரி என்று மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் என்னோடு நடவு நட்ட ராஜாத்தி ஒரு கிளாஸில் குடித்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். அதற்கு மறுநாள் இரண்டு பேர். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கண்ணாடி கிளாஸ் சேர்ந்துகொண்டே போக, அவர் கடைப் பலகை காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் மேலத்தெருக்காரர்கள் வந்து உட்கார்ந்தால் கொடுக்கக் கிளாஸ் இல்லை. அவரே எங்கள் தெருமுனைக்கு வந்து நின்று கத்தினார்: "ஏண்டியம்மா, கெளாசையெல்லாம் கொண்டாந்து குடுத்துத் தொலைங்க. எதுல வேணா குடிச்சுக்குங்க, எங்க வேணா ஒக்காந்துக்குங்க, என் பொழப்புல மண்ணப் போடாதீங்க." ராஜாத்தி, "கழுவித் தரணுமா, அப்படியே தரலாமா?" என்று கேட்டாள். தெருவே சிரித்தது. எல்லாரும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நான் மட்டும் கொடுக்கவில்லை.

அந்தச் சிரிப்புக்கு விலை இல்லாமல் இல்லை. அந்தச் சம்பா நடவுக்கு ஆண்டை வெளியூர் ஆட்களை இறக்கினார். வாய்க்கால் நண்டும் வயல் நத்தையும் தின்றுதான் அந்தப் பருவத்தை ஓட்டினோம். வழியில் கண்டால் உன் அப்பாவைக் கேலி பேசினார்கள், பொண்டாட்டிய அடக்கத் தெரியாதவன் என்று. அவர் வீட்டுக்கு வந்து அந்தக் கிளாஸை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எனக்கும் கொஞ்சம் ஊத்து" என்றார். டீத்தூள் இல்லை, வெந்நீரில் வெல்லம் போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்குள் அந்தக் கிளாஸில் உட்கார்ந்து குடித்த மனிதர்தான், கடை என்று வந்தால் கடைசிவரை வெளியே நின்றார். அதையெல்லாம் நீ புரிந்துகொள்ள வேண்டும்.

இனி நீ என்ன சொல்வாய் என்பதும் எனக்குத் தெரியும். கப்பெல்லாம் வந்து இறங்கிவிட்டதே என்பாய். அதெல்லாம் இப்போது யாருக்கும்மா ஞாபகம் என்பாய். எனக்கு ஞாபகம். என்னையே முதல் ஆணியிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டு யாருக்கு ஞாபகம் என்று கேட்பது நன்றாகவா இருக்கிறது? உன் கூட்டாளி கொஞ்சம் சூதானமானவர் என்று கேள்வி. அவர் வேறு மாதிரி சொல்வார், வம்பு எதற்கு, அந்தக் கார்டையே கழற்றிவிடலாம், லண்டனும் ஊட்டியும் போதும் என்பார். அதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். அந்தக் கார்டு இருக்க வேண்டும். நடுச்சுவரிலேயே இருக்க வேண்டும். அந்த ஆளோடு இருக்க வேண்டும். அவர் என் அப்பா என்று நான் சொல்லவில்லை, முகம் தெரியவில்லை. என் அப்பா நின்ற இடத்தில் நிற்கிறார், என் அப்பா மாதிரியே துண்டை வைத்திருக்கிறார், அது எனக்குப் போதும். வந்து உட்கார முடியாத கடையில் அவரை ஒரு தடவை வெட்டியாயிற்று. நம் சொந்தக் கடையில் இன்னொரு தடவை வெட்ட விடமாட்டேன். மங்கலாக இருந்தால் மங்கலாகவே இருக்கட்டும். கீழே எதுவும் எழுதி ஒட்ட வேண்டாம். இவர் ஏன் வெளியே நிற்கிறார் என்று யாராவது கேட்டால், நீ வாயைத் திறந்து சொல். டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அவநம்பிக்கை இல்லை. கடை நன்றாக நடக்கும். மேலத்தெருக்காரரும் வருவார், நம் தெருக்காரரும் வருவார், மாயவரம், கூத்தாநல்லூர் என்று காரில் வருகிறவர்களும் வருவார்கள். எல்லாருக்கும் ஒரே கிளாஸில் கொடு. யாரும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டாம், யாரும் குனிந்து நீட்ட வேண்டாம், நீ யாருக்கும் ஒசரத்திலிருந்து ஊற்ற வேண்டாம். ஆற்றுவதற்குத் தூக்கி ஆற்று, கொடுக்கும்போது கைக்குக் கை கொடு. நான் கேட்பது இவ்வளவுதான். கேட்பது என்று எழுதிவிட்டேன், அதைச் சொல்வது என்று வாசித்துக்கொள்.

பொள்ளாச்சியிலிருந்து வந்து இறங்கிய கொட்டாங்கச்சிகளை மூட்டையாகக் கட்டிப் பொங்கலுக்கு முன்னால் இங்கே அனுப்பிவிடு. எண்ணெய் தடவியதென்றால் நன்றாகப் பிடித்து எரியும். நம் வீட்டில் கொட்டாங்கச்சி அடுப்புக்கு மட்டும்தான். புது அரிசி பொங்கி, அந்தப் பொங்கலையும் உனக்குக் கொடுத்தனுப்புகிறேன்.

திறப்பு அன்றைக்குக் காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். இனியாவுக்கு எடுத்த அதே கலரில் எனக்கும் சேலை எடுத்து வைத்திருக்கிறேன், போட்டோவுக்கு நன்றாக இருக்கும். மடியில் அந்தக் கிளாஸ் இருக்கும். வாசலில் நின்று முதலில் நடுச்சுவரைப் பார்ப்பேன். அந்த ஆள் இருந்தால் உள்ளே வந்து, அவருக்கு நேர் எதிரே, நடுப் பெஞ்சில் உட்காருவேன். இல்லையென்றால் உன் கடைக்கு எதிர்ச்சாரியில் ஒரு பாய் தள்ளுவண்டியில் டீ போடுகிறாராமே, இனியா சொன்னாள், அங்கே ஒரு ஸ்டூல் இருக்கிறதாம். உன் வாசலைப் பார்க்கப் போட்டு அதில் உட்கார்ந்து குடிப்பேன். போட்டோக்காரர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

எங்கே உட்கார்ந்தாலும் உட்கார்ந்துதான் குடிப்பேன். எனக்குச் சீனி குறைவாகப் போடு, டாக்டர் சொல்லியிருக்கிறார். கிளாஸை மட்டும் விளிம்பு வரை நிரப்பு.

அம்மா